ஒட்டிய கன்னத்தின் வரலாறு

1862-இல் லண்டனில் வாழ்ந்த வில்லியம் பாண்டிங் என்ற பெரியவர் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். நேராக இறங்கினால் உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் விழுந்து வலி பொறுக்க முடியாது. குனிந்து காலணி நாடாவைக் கட்டவும் அவரால் ஆகாது. வயது 65, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 92 கிலோ. அரச குடும்பத்தாரின் சவ அடக்கங்களை நடத்திக்கொடுத்த வசதியான குடும்பம் அவருடையது. துடுப்புப் போட்டுப் பார்த்தார், நீராவிக் குளியல் எடுத்தார், பல மருத்துவர்களிடம் போனார், எடை இறங்கவில்லை. கடைசியில், காது மந்தமாகிவிட்டதே என்று போன இடத்தில், வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவர் ரொட்டி, பால், வெண்ணெய், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விடச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. அந்த மகிழ்ச்சியில் 1863-இல் தன் கைக்காசைப் போட்டு ஒரு சிறு நூலை அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அது கடல் தாண்டியும் பரவியது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் பத்தியமிருந்து இளைப்பதற்கு அவர் பெயரிலிருந்து பிறந்த சொல்தான் வழங்குகிறது.

உடல் மெலிவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாண்டிங்கிலிருந்து தொடங்குவது வழக்கம். இன்றைய அழகுச் சிகிச்சைத் தொழிலின் வரலாற்றையும் அவரிடமிருந்தே தொடங்கலாம் என்பது என் துணிபு. முயன்றால் உடம்பின் அளவை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை வெகுமக்களிடம் வேரூன்றியதும், உடம்பு செதுக்கித் திருத்தும் வேலைப்பொருளாக மாறியது. செதுக்கினால் சிதறல் விழும். இளைக்க வைக்கிற தொழில் விட்டுச் சென்ற தளர்ந்த தோலையும் தொங்கிய வயிற்றையும் குழிவிழுந்த கன்னத்தையும் எடுத்துக்கொண்டுதான் அழகுத் தொழில் வளர்ந்தது. எடை குறைக்கும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் வந்த பிறகு இந்தத் தொழில் தலைகீழாக மாறிவிட்டது என்று இப்போது வணிக இதழ்கள் எழுதுகின்றன. மாற்றம் உண்மைதான். ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நூறாண்டுக்கும் மேல் பழசு. அதைத் தெரிந்துகொண்டால், இன்று கிளினிக் நாற்காலியில் உட்காருகிறவர் எந்தக் கணக்கில் எத்தனையாவது வரியாகச் சேர்க்கப்படுகிறார் என்பது விளங்கும்.

வெட்டி எடுப்பதும் ஊசியால் நிரப்புவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. 1893-இல் நாய்பர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், ஒரு நோயாளியின் கையிலிருந்து கொழுப்பை எடுத்துக் கண்ணுக்குக் கீழே தழும்பால் விழுந்திருந்த பள்ளத்தை நிரப்பினார். 1899-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி, ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 7 கிலோவுக்கு மேல் எடையுள்ள தொங்குசதையை வெட்டியெடுத்ததைப் பதிவுசெய்தார். அதே ஆண்டில் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விதை அகற்றப்பட்ட ஓர் இளைஞனுக்கு வாசலினை ஊசியால் செலுத்தி இழந்த உருவைத் திருப்பித் தர முயன்றார். மூவருமே நோயின் சேதத்தைச் சீர்செய்ய முனைந்தவர்கள். அழகுக்கடை வைத்தவர்கள் இல்லை. ஆனால் கெர்சுனியின் ஊசி மருத்துவமனை வாசலைத் தாண்ட வெகுநாள் ஆகவில்லை. உருக்கிய பாரஃபின் மெழுகு மூக்குத் தண்டிலும் கன்னத்திலும் நெற்றிச் சுருக்கத்திலும் ஏற்றப்பட்டது. பின்னாளில் மார்ல்பரோ பிரபுவின் மனைவியானவரும் தன் காலத்தின் பேரழகிகளில் ஒருவராகப் பேசப்பட்டவருமான கிளாடிஸ் டீக்கன், இருபது வயதைத் தாண்டியதுமே மூக்கில் மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு இருந்த இடத்தில் இருக்கவில்லை. கீழிறங்கி முகத்தையே குலைத்தது. இப்படிப் பலருக்கும் தோலடியில் கட்டிகள் எழும்பின. அந்தக் கட்டிக்கு மருத்துவ நூல்கள் பாரஃபினோமா என்று தனிப்பெயரே வைக்க வேண்டி வந்தது. நோயாளிக்கென்று பிறந்த கருவி நலமாக இருப்பவரிடம் போவதும், விளைவை அவர் உடம்பு சுமப்பதும் அன்றே தொடங்கிவிட்டன.

இரு தொழில்களும் ஒரே கூரையின் கீழ் வந்த இடம் ஒன்று உண்டு. அழகுப்பொருள் வியாபாரத்தில் கோலோச்சிய எலிசபெத் ஆர்டன் 1934-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஏரிக்கரையோரம் 'மெய்ன் சான்ஸ்' என்ற விடுதியைத் திறந்தார். பணக்காரப் பெண்கள் வந்து தங்கி, அளந்து வைத்த உணவை உண்டு, உடற்பயிற்சி செய்து, மெழுகுக் குளியல் எடுத்து, முகத்துக்குப் பூச்சும் பிடிப்பும் செய்துகொண்டு வீடு திரும்புவார்கள். கிரீம் விற்றவர் எடை குறைக்கும் விடுதி நடத்தியதை நான் தற்செயலாகக் கருதவில்லை. இடுப்பு சிறுத்தால் முகம் வாடும், வாடிய முகத்துக்குப் பூச்சு வேண்டும் என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியும். இன்று 'வெல்னஸ்' என்று விற்கப்படும் பொட்டலத்தில் உள்ள சாமான்கள் அனைத்தும் அந்த விடுதியில் இருந்தன. சொல் மட்டும்தான் இல்லை. அதை 1950களின் இறுதியில் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார மருத்துவர் பரப்பினார். நோயில்லாமல் இருப்பதற்கும் மேலான நிறைநலம் என்ற பொருளில் எழுதினார்; இடுப்பளவோ முகப்பொலிவோ அவர் பேச்சில் மையமாக இல்லை. அவர் சொல்லைத் தொழில் எடுத்துக்கொண்டது, பொருளை விட்டுவிட்டது.

மெய்ன் சான்ஸ் திறந்த அதே காலத்தில் ஏழை, நடுத்தரப் பெண்களுக்குக் கிடைத்தது டைநைட்ரோஃபீனால். முதல் உலகப்போரில் வெடிமருந்து ஆலைகளில் பயன்பட்ட இரசாயனம் இது. அதைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், காய்ச்சல் கண்டார்கள், சிலர் செத்தும் போனார்கள். 1933-இல் ஸ்டான்ஃபோர்டில் கட்டிங், டெயின்டர் என்ற ஆய்வாளர்கள் இது உடம்பின் எரிப்பைக் கூட்டி எடையைக் குறைக்கிறது என்று அறிவித்ததும் மருந்துக்கடைகளில் வந்து குவிந்தது. ஓரிரு ஆண்டிலேயே குறைந்தது ஒரு லட்சம் பேர் விழுங்கியிருப்பார்கள் என்று டெயின்டரே கணித்தார். இளம் பெண்களுக்குக் கண்புரை வந்தது. அமெரிக்க அரசால் தடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். 1906-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயைத் தீர்க்க விற்கப்படுவதே மருந்து. பருமனை அன்று சட்டம் நோயாகக் கொள்ளவில்லை. ஆகவே இளைக்க வைக்கும் பொருள் மருந்தாகாது. அழகுப்பொருள்களோ அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் பெண்களின் கண்பார்வையைப் பறித்தபோதும் அரசின் கை அதே காரணத்தால் கட்டப்பட்டிருந்தது. 1938-இல் வந்த புதிய சட்டம் உடம்பின் அமைப்பையோ இயக்கத்தையோ மாற்றும் எதையும் மருந்து என வரையறுத்தது. அழகுப்பொருளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. இளைக்க வைப்பதும் அழகாக்குவதும் ஒரே ஓட்டை வழியாகத் தப்பிக்கொண்டிருந்தன, ஒரே சட்டத்தால் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இரண்டும் ஒட்டிப்பிறந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

போருக்குப் பின் வந்த ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளையும், இதய வால்வைக் கெடுத்ததால் 1997-இல் திரும்பப் பெறப்பட்ட ஃபென்ஃப்ளூரமினையும் விரிக்க வேண்டியதில்லை, கதை ஒன்றுதான். மெலிவு மாத்திரைகள் வந்து வந்து தோற்றதால், அந்த இடத்தை அறுவைச் சிகிச்சை பிடித்தது. அதற்கு முதலில் ஒரு பெயர் தேவைப்பட்டது. வளர்ந்த பெண்களின் தொடையில் இயல்பாக இருக்கும் மேடுபள்ளத்துக்கு 'செல்லுலைட்' என்ற பிரெஞ்சுச் சொல்லை 1968-இல் வோக் இதழ் அமெரிக்க வாசகிகளுக்கு அறிமுகப்படுத்தியது. 1973-இல் நிக்கோல் ரோன்சார் அதைப் பற்றி எழுதிய புத்தகம் பெரும் விற்பனை கண்டது. அதுவரை தொடையாக இருந்தது, அதன்பின் சிகிச்சைக்குரிய குறையாயிற்று. 1920களில் பாரிஸில் ஒரு நடனக்காரியின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டப் போய் அவர் காலையே இழந்த கொடுமைக்குப் பின் மருத்துவர்கள் அஞ்சி ஒதுங்கியிருந்த வேலை, கொழுப்பை எடுத்து உருவைத் திருத்துவது. 1977-இல் அதே பாரிஸில் இவ்-ஜெரார் இலூஸ், முதுகில் கொழுப்புக்கட்டி இருந்த ஒரு நடிகை தழும்பு கூடாது என்று கேட்டதால், சிறு துளையிட்டு மழுங்கிய முனைக்குழாயால் உறிஞ்சி எடுத்தார். 1987-இல் கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி க்ளைன், மரப்பு மருந்து கலந்த திரவத்தை முதலில் நிறையச் செலுத்திவிட்டு உறிஞ்சும் முறையை வெளியிட்டார். முழு மயக்கம் வேண்டாம், இரத்த இழப்பு குறைவு. லிப்போசக்‌ஷன் என்ற இந்த உறிஞ்சு முறை பெருமருத்துவமனையிலிருந்து தெருமுனைக் கிளினிக்குக்கு இறங்கிவந்தது.

உறிஞ்சிய கொழுப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு நியூயார்க்கின் சிட்னி கோல்மன் 1990களில் பதில் சொன்னார். இடுப்பிலிருந்து எடுத்ததைச் சுழற்றிப் பிரித்து, துளித்துளியாகக் கன்னத்திலும் கண்ணடியிலும் வைத்தார். நூறாண்டுக்கு முன் நாய்பர் செய்தது புதிய கருவியோடு திரும்பிவந்தது. ஒரு நாற்காலியில் கழிவாக விழுந்தது அடுத்த நாற்காலியில் சரக்காயிற்று.

இந்த வரலாற்றில் என் மனத்தை அதிகம் வருத்தும் பகுதி இதற்குப் பிறகு வருகிறது. 1996-இல் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, சாவை எதிர்நோக்கியிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய கன்னம் வற்றத் தொடங்கியது. பொட்டுப் பகுதி குழிந்தது, கை கால் நரம்பு புடைத்தது. ஸ்டாவுடின் என்ற மருந்து முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. உயிரைக் காத்த மாத்திரையே முகத்தில் நோயின் பெயரை எழுதிவிட்டது. அலுவலகத்திலும் உறவினர் வீட்டிலும் முகமே காட்டிக்கொடுத்தது. அதற்கு அஞ்சி மாத்திரையைக் கைவிடத் துணிந்தவர்களும் உண்டு. இவர்களுடைய முகத்துக்குத் துணையாக வந்தது பாலி-எல்-லாக்டிக் அமிலம் என்ற பொருள். கரையும் தையல் நூல்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. சிறு குப்பியில் வெள்ளைத் தூளாக இருக்கும்; நீர் சேர்த்துக் கலக்கி, கன்னத்தின் ஆழத்தில் ஊசியால் வைப்பார்கள். தூள் தானாகப் பள்ளத்தை மூடாது. உடம்பு அதை அந்நியமாகக் கண்டு சுற்றிலும் கொலாஜன் நாரைப் பின்னும். மாதக்கணக்கில் கன்னம் மெல்ல மேடாகும். ஊசிக்குப் பின் ஐந்து நாள், நாளுக்கு ஐந்து முறை, முறைக்கு ஐந்து நிமிடம் கன்னத்தை நீவிவிட வேண்டும். 2004 ஆகஸ்டில் அமெரிக்கா இதை 'ஸ்கல்ப்ட்ரா' என்ற பெயரில், எச்.ஐ.வி. உள்ளவர்களின் முகக் கொழுப்பிழப்புக்கு மட்டும் என்று அங்கீகரித்தது. 2010-இல் அந்நாட்டின் அரசுக் காப்பீடான மெடிகேர், முகமெலிவால் மனச்சோர்வுற்ற எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இந்தச் செலவை ஏற்கவும் முடிவெடுத்தது.

நம் பக்கத்தில் நடந்தது வேறு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 2001-இல் சிப்லா நிறுவனம் ஸ்டாவுடினையும் வேறு இரண்டு மருந்துகளையும் ஒரே மாத்திரையாக்கி, ஏழை நாடுகள் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்த செயல் அது, அதில் மறுபேச்சில்லை. 2004 ஏப்ரல் 1-இல் அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. ஸ்டாவுடின் அங்கும் கொடுக்கப்பட்டது. மெல்ல மெல்ல அதைக் கைவிடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 2009-இல். அதற்குள் ஒட்டிப்போன கன்னங்களுக்கு ஊசி எதுவும் அந்தத் திட்டத்தில் இல்லை. அதே 2009-இல்தான் அமெரிக்காவில் ஸ்கல்ப்ட்ரா, நோயற்றவர்களின் முகச்சுருக்கத்துக்கும் அழகுச் சிகிச்சையாக அனுமதி பெற்றது. அங்கே முதலில் யாருக்காக அனுமதிக்கப்பட்டதோ அவர்களைப் போன்றவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, அது வேறு வாடிக்கையாளர்களைத் தேடிப் போய்விட்டது.

அந்த வாடிக்கையாளர்கள் பெருந்திரளாக வரக் காரணமானது ஒரு பல்லியின் எச்சில். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங், அரிசோனாப் பாலைவனத்தில் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப்பல்லியின் உமிழ்நீரில் எக்ஸெண்டின்-4 என்ற பொருளைக் கண்டு 1992-இல் வெளியிட்டார். மனிதக் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போன்ற பல்லியின் பொருள் நின்று வேலை செய்தது. 2005-இல் அதிலிருந்து சர்க்கரை நோய்க்கான ஊசி வந்தது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க், மனித ஹார்மோனையே மாற்றியமைத்து வாரம் ஒரு முறை போதும் என்ற செமாக்ளூடைட்டை உருவாக்கியது: 2017-இல் சர்க்கரைக்கு ஓசெம்பிக், 2021-இல் பருமனுக்கு வெகோவி. 1,961 பேரிடம் 68 வாரம் நடந்த சோதனையில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 14.9 விழுக்காடு எடை இழந்தார்கள். வெற்று ஊசி பெற்றவர்கள் 2.4. எலி லில்லியின் டிர்செபடைட் உச்ச அளவில் 72 வாரத்தில் ஏறத்தாழ 21 விழுக்காட்டைத் தொட்டது. பாண்டிங்கின் 46 பவுண்டு அவருடைய எடையில் 23 விழுக்காடு. அவருக்குக் கைகூடியதற்கு அருகில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து நின்றதுதான் புதுமை. பழைய மெலிவுக் கடைகள் ஆட்டங்கண்டன. ஜென்னி கிரெய்க் 2023-இல் மூடப்பட்டது. 1963-இல் நியூயார்க்கில் தொடங்கிய வெயிட் வாச்சர்ஸ், இந்த ஊசிகளை எழுதித் தரும் இணைய மருத்துவ நிறுவனத்தை 2023-இல் வாங்கிப் பார்த்தும் தப்பவில்லை. 2025 மே மாதம் திவால் பாதுகாப்புக் கேட்டது. மறுபுறம், ஸ்கல்ப்ட்ராவின் உரிமையாளரான கால்டெர்மா 2024 மார்ச்சில் சூரிக் பங்குச்சந்தையில் அடியெடுத்து வைத்தது. மருந்தால் இளைத்தவர்களின் முகத்துக்கென்றே தனி ஆய்வும் நடத்தியது.

முகம் ஏன் முதலில் அடி வாங்குகிறது? முகக் கொழுப்பு ஒரே படலம் இல்லை, தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்பதை டாலஸைச் சேர்ந்த ரோரிச்சும் பெசாவும் 2007-இல் சடல ஆய்வில் காட்டினார்கள். கன்னத்தின் ஆழ்ந்த அறைகள் தோலைத் தாங்கும் தலையணைகள். அவை வற்றினால் மேலுள்ள தோல் சரிகிறது. வயது ஏறியவருக்குத் தோல் சுருங்கிப் பொருந்தும் வேகம் குறைவு. 2009-இல் பாமன் கியுரான் குழுவினர் 186 ஜோடி ஒத்த இரட்டையரின் படங்களை ஒப்பிட்டார்கள். நாற்பது வயதுக்குள் பருமனான இரட்டையர் மூத்தவராகத் தோன்றினார். நாற்பதைக் கடந்தபின் சற்றுச் சதைப்பற்றுள்ளவரே இளையவராகத் தெரிந்தார். இதைத் தமிழ் அறியாததா? பூசினாற்போல் இருக்கிறார் என்பது நம்மிடம் பாராட்டு. கன்னம் ஒட்டிப்போச்சே, கண் உள்ளே போயிடுச்சே என்பது நோயோ கவலையோ கண்டு பதறும் சொல். இடுப்பின் அளவுக்கும் முகத்தின் நலத்துக்கும் தனித்தனிக் கோல் உண்டு என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது. அறுவைச் சிகிச்சையால் இளைத்தாலும், பட்டினியால் இளைத்தாலும், நோயால் இளைத்தாலும் முகம் இப்படித்தான் ஆகும். ஆனால் நியூயார்க் தோல் மருத்துவர் ஒருவர் சூட்டிய 'ஓசெம்பிக் முகம்' என்ற பெயர் பரவிய பின்புதான் அது தனிக் குறையாக, தனிச் சிகிச்சைக்குரியதாக ஆனது. செல்லுலைட் என்ற சொல் தொடைக்குச் செய்ததை இந்தச் சொல் கன்னத்துக்குச் செய்கிறது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. பருமன் நோய், அதைத் தீர்க்கும் மருந்தை அழகு வியாபாரத்தோடு சேர்த்துப் பேசுவது நோயாளியை அவமதிப்பது என்பது முதலாவது. இதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஏற்கெனவே இதயநோய் கண்டிருந்த, கூடுதல் எடையுள்ள 17,604 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகிய மூன்றும் சேர்ந்து செமாக்ளூடைட்டால் 20 விழுக்காடு குறைந்தன என்று 2023-இல் வெளியானது. அப்படிப்பட்டவருக்கு ஒட்டிய கன்னம் மிகச் சிறிய விலை. என் வாதம் மருந்தின்மேல் இல்லை. எவருக்கு இதயத்துக்காக மருந்து தேவையோ அவரையும், கல்யாணப் படத்துக்காக ஐந்து கிலோ குறைக்க வருபவரையும் ஒரே விளம்பரம் ஒரே நாற்காலிக்கு அழைப்பதைத்தான் சொல்கிறேன். 1938-க்கு முன் பருமன் நோயாகாது என்பதால் ஓட்டை விழுந்தது. இன்று பருமன் நோய் என்ற மரியாதையைப் போர்த்திக்கொண்டே நோயற்றவருக்கும் விற்க முடிகிறது.

விருப்பப்பட்டுச் செய்துகொள்கிறார்கள், யார் தடுப்பது என்பது இரண்டாவது மறுப்பு. எச்.ஐ.வி. நோயாளியின் கன்னத்தை நிரப்பியது மனிதாபிமானம் என்றால், இளைத்தவரின் கன்னத்தை நிரப்புவது எப்படிக் குற்றமாகும்? குற்றமென்று நான் சொல்லவில்லை. வாடிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்து வருந்துவது உண்மையான வருத்தம். முகம் திரும்பக் கிடைத்தால் அது உண்மையான ஆறுதல். வேறுபாடு தகவலில் இருக்கிறது. ஸ்டாவுடின் முகத்தை வற்றச் செய்யும் என்று தொடக்கத்தில் மருத்துவருக்கே தெரியாது. இந்த ஊசிகளால் இளைத்தால் முகம் வாடும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் முதல் நாளில் சொல்லாமல், கன்னம் ஒட்டிய பிறகு அடுத்த சிகிச்சையாகச் சொல்வது அந்த விருப்பத்தின் மதிப்பைக் குறைக்கிறது. மருந்தை நிறுத்தி ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று அந்த 1,961 பேர் சோதனையின் தொடர்ச்சி காட்டியது. கன்னத்தில் நிரப்பிய ஃபில்லர் என்ற ஊசிப்பொருளும் மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ கரைந்துவிடும். அதாவது இரண்டு கணக்குமே முடிவில்லாத கணக்குகள். அவற்றைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபின் ஒருவர் சம்மதித்தால்தான் அது விருப்பம்.

இந்தியர்களான நமக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்பில் கொழுப்போ வெள்ளையருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தொப்பை என்று நாம் சொல்லும் உடல்வாகு அது. அதனால்தான் இங்கே அந்த எண் 25-ஐத் தொட்டாலே பருமன் என்று கணக்கிடுகிறார்கள். வயிற்றுக் கொழுப்பு இருதயத்துக்கும் சர்க்கரைக்கும் ஆபத்து, குறைப்பது நல்லதே. ஆனால் தசையும் கன்னச்சதையும் முன்பே குறைவாக உள்ளவர் 15 விழுக்காடு இழக்கும்போது, இழக்க அதிகமில்லாத இடங்களிலிருந்தும் இழப்பார். டிர்செபடைட் 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இங்கே விற்பனைக்கு வந்தன. செமாக்ளூடைட்டின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதன்பின் நம் நாட்டு நிறுவனங்களே அதைச் செய்து மலிவாக விற்க வழி திறக்கிறது. ஊசியின் விலை இறங்கினால் அது தேவைப்படும் சர்க்கரை நோயாளிக்கும் இதய நோயாளிக்கும் நல்ல காலம். அதே நேரத்தில், முன்பு ஊசிக்கே வழியில்லாதவர்களும் ஃபில்லர் விற்பவரின் புதிய வாடிக்கையாளராவார்கள்.

ஆகவே இந்த ஊசியைத் தொடங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாளிலேயே மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: என் உடம்புக்கு இது எந்த நோய்க்காக, எத்தனை ஆண்டு போட வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும். முகம் வாடினால் என்ன செய்வீர்கள், அதற்கு எவ்வளவு செலவு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதையும் அன்றே கேட்டு, எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.